மூக்கின் நடுச்சுவர்

அந்தக் காலத்தில் என்னால் 'மதுரை' என்று சொல்ல முடியாது. 'பதுரை' என்றுதான் வரும். 'நம்பர்' என்று வாயைத் திறந்தால் 'தப்பர்' என்று விழும். மற்றவர்களுக்கு ஜலதோஷம் பிடித்தால் நாலு நாள் இருக்கிற குரல் எனக்கு வருஷம் பூராவும் இருந்தது. எனக்குக் கிடைத்த வேலையோ பேசுகிற வேலை. தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர்.

பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். நேர்முகத்தில் என் குரலைக் கேட்ட அதிகாரி, "ஜலதோஷமாம்மா?" என்றார். "ஆமா சார்" என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. புதுத் துறைமுகத்துக்குள் கப்பல்கள் வந்து நிற்க ஆரம்பித்திருந்தன. கப்பல் ஏஜெண்டுகள், உப்பு வியாபாரிகள், தோணியில் கொழும்புக்கு வெங்காயமும் கருவாடும் அனுப்புகிறவர்கள், எல்லோருக்கும் வெளியூருக்குப் பேச நாங்கள்தான் வேண்டும். நான் பேசினால், "என்னம்மா, உடம்புக்கு சரியில்லையா?" என்பார்கள் நல்லவர்கள். உப்பு வியாபாரம் செய்த ஒரு அண்ணாச்சி மட்டும், "ஏளா, மொதல்ல மூக்கைச் சிந்திட்டு வா, பொறவு பேசுவோம்" என்பார். சிந்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

சின்ன வயதில் நாசரேத்தில் பள்ளிக்கூட ஊஞ்சலிலிருந்து முகம் குப்புற விழுந்தேன். அப்போது அப்பா இருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார். வீக்கம் வடிந்தபிறகு மூக்கு வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளே என்ன ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. அதிலிருந்து வாயால்தான் மூச்சு. அப்பா போனபிறகு அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். நான் தூத்துக்குடியில் வேலைபார்க்கும் பெண்களுக்கான ஒரு விடுதியில் தங்கினேன்.

அறைக்கு இரண்டு கட்டில். முதலில் என்னோடு ஒரு நர்ஸரிப் பள்ளி டீச்சர் இருந்தாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வார்டனிடம் போய் அறை மாற்றிக் கேட்டாள். என் குறட்டைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. "அந்த ரூம்ல காத்து நல்லா வருது" என்றாள். அடுத்து வந்தவளும் சில வாரத்தில் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் யாரையும் போடவில்லை. நான் அதில் துவைத்த சேலைகளை மடித்து வைத்துக்கொண்டேன்.

வாசனையும் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது கருவாட்டு லாரி கடந்தால் எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். நானும் பொத்துவேன். அவர்களோடு சேர்ந்து எதையாவது செய்ய வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கோயிலில் எல்லோரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பேன்.

எனக்கென்று இருந்த ஒரே பேச்சு மதுரையோடுதான். தூத்துக்குடியிலிருந்து போகிற பெரும்பாலான கால்கள் மதுரை வழியாகத்தான் போகும். அங்கே அந்த லைனில் என் ஷிப்டுக்கு ஏற்றாற்போல ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான். யாராவது கால் கேட்டுப் பலகையில் விளக்கு எரிந்தால் நான் பிளக்கைச் செருகி, "பதுரையா?" என்பேன். "பதுரையேதான்!" என்று சிரிப்பாள். எனக்கு அவள் வைத்த பேரே அதுதான். "வந்துட்டியா பதுரை? என்ன சாப்ட?" என்று ஆரம்பிப்பாள்.

கால் இல்லாத நேரத்தில் பேசிக்கொண்டே இருப்போம். தங்கச்சி இரண்டு பேருக்கு முன்னால் தனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்கிற கவலையை என்னிடம் சொல்வாள். நான் காலியான கட்டிலைப் பற்றிச் சொல்வேன். என் கல்யாணத்தைப் பற்றி அவளுக்கு ரொம்ப அக்கறை. "உனக்கு மாமியார் எப்படி வேணும்? மாமனார் எப்படி வேணும்? சொல்லு, சொல்லு" என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். நானும் யோசித்து யோசித்துச் சொல்வேன். சத்தம் போடாத மாமியார் வேண்டும் என்பேன். மாமனார் புத்தகம் படிக்கிறவராக இருந்தால் நல்லது என்பேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். என் வீட்டில்கூட யாரும் என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை.

அவள் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவளுக்குத் தெரியாது.

அந்த வருஷம் எனக்குத் தலைவலி தாங்க முடியாமல் போயிற்று. சாயங்காலம் ஆனால் புருவத்துக்கு மேல் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது மாதிரி இருக்கும். காதில் மாட்டுகிற ஹெட்செட்டின் கனம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் புதிதாகக் காது, மூக்கு, தொண்டை டாக்டர் ஒருவர் வந்திருப்பதாக மேலதிகாரி அம்மா சொன்னார்கள். போனேன்.

டாக்டர் நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, சின்னக் கிடுக்கி மாதிரி ஒன்றால் என் மூக்குத் துவாரத்தை அகற்றிப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"சின்னதுலருந்தே, டாக்டர்."

ஒரு தாளை எடுத்து மூக்கை வரைந்தார். "ரெண்டு ரூமுக்கு நடுவுல ஒரு சுவர் இருக்கில்லியா, அது மாதிரி மூக்குக்குள்ளயும் ஒண்ணு உண்டு. உங்களுக்கு அது இடது பக்கமா வளைஞ்சு அந்த வழியை அடைச்சிட்டுது. இன்னொரு பக்கத்துல சதை வீங்கி இருக்கு. மருந்து போட்டா சுவர் நிமிராது. ஆப்பரேஷன் பண்ணணும். வெளிய தழும்பு தெரியாது."

"வலிக்குமா?"

"மரத்துப்போக ஊசி போடுவோம். ஆனா முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க." பிறகு, "குரலும் கொஞ்சம் மாறும்" என்றார்.

மாறட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டாம்ளா. முகத்துல கத்தி வைக்கக் கூடாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா ஒன்ன யாரு கட்டுவா?"

"இப்ப மட்டும் யாரும்மா வந்து நிக்காங்க?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கினாள். "நீ செய்யதுன்னா செய்யி. நான் வந்து பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன். என்னால ஆவாது" என்றாள். அது கோபம் இல்லை, பயம். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவராதவள் அவள். எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும், பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். அழுதால் எனக்கு வாய்வழி மூச்சும் முட்டும். அதனால் அழுகையையும் சீக்கிரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் சேரப்போன அன்று நர்ஸ் கேட்டாள். "கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சிஸ்டர்."

"பொம்பள வார்டுல துணை இல்லாம சேக்க முடியாதும்மா. ராத்திரி ரத்தம் வந்தா யாரு வந்து சொல்லுவா?"

நான் பையைக் கையில் பிடித்தபடி நின்றேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதைச் சுற்றித் தலையில் பெரிய கட்டு. கழுத்தில் ஜெபமாலை. கீழவைப்பாரிலிருந்து காது ஆப்பரேஷனுக்கு வந்தவள். சீழ் வடிந்து வடிந்து ஒரு காது அடியோடு போய்விட்டது, இன்னொன்றும் அரைகுறைதான் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"ஆளு இல்லையாக்கும்?" என்று வார்டே அதிரும்படி கத்தினாள். "நான் இங்கனதான கெடக்கேன்! நான் பாத்துக்கிடுதேன், போ சிஸ்டர்!"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆப்பரேஷன். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மறைத்து ஒரு துணியைப் போட்டார்கள். முதலில் மருந்தில் நனைத்த பஞ்சுத் திரியை மூக்குக்குள் திணித்தார்கள். பிறகு ஊசி. மேல்வரிசைப் பல் எல்லாம் என்னுடையவை இல்லை என்பதுபோல் ஆயிற்று. டாக்டர் உள்ளே கீறித் தோலைப் பிரித்ததெல்லாம் எனக்குத் தெரியவில்லை. ஏதோ இழுக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் உளியும் சுத்தியும். சின்னச் சுத்திதான். ஆனால் அது என் மண்டைக்குள்ளேயே அடித்தது. தட், தட். நடுவில் விறகைப் பிளந்த மாதிரி ஒரு முறிவுச் சத்தம்.

"பயப்படாதீங்க, அது எலும்புதான்" என்றார் டாக்டர்.

எலும்பு என்றதால்தான் பயந்தேன். தொண்டையில் ரத்தம் இறங்கிற்று. "துப்புங்க" என்று தட்டைக் காட்டினார்கள். அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அது வழுவழுவென்று குளிர்ச்சியாக இருந்தது. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் அதைப் பிடித்திருப்பார்கள்.

முடிந்ததும் மருந்து தடவிய நாடாத் துணியை இரண்டு துவாரத்திலும் மடித்து மடித்து அடைத்தார்கள். இரண்டு நாள் அது அப்படியே இருக்கவேண்டும் என்றார்கள். அந்த இரண்டு நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எச்சில் விழுங்கினால் காது 'டப்' என்று அடைக்கும். வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழியும். பேசவும் முடியாது.

பக்கத்துக் கட்டில் அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரு கிழிந்த துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் உதட்டின்மேல் போட்டாள். அது காய்ந்ததும் மறுபடியும் நனைத்தாள். அவள் தலையும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கட்டிலைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பாள். கஞ்சி வந்தால் எனக்கு முதலில் ஆற்றிக் கொடுப்பாள். அவளுக்குக் காது கேட்காது, என்னால் பேச முடியாது. ஆனாலும் பேச்சை நிறுத்தவே மாட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போனா எனக்கு ஒரு பயமும் இல்ல, கேட்டியா? அவரு திரும்பி வந்து கதவத் தட்டுதது கேக்காதேன்னுதான் பயம். ஒருநாள் வெளியவே குத்த வச்சு இருந்திருக்காரு மனுஷன், விடியுத மட்டும். நான் உள்ள தூங்குதேன். மறுநாளே நேந்துக்கிட்டேன், மாதாவே, ஒரு காதாவது குடுன்னு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். "ஒனக்கு என்ன வேல?" என்றாள். நான் கையால் டெலிபோன் பேசுவது மாதிரி காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "காது வலியா? ஒனக்குமா?" என்று பதறி நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். நர்ஸ் வந்து என்னைக் கேட்க, நான் இல்லை என்று கையாட்ட, மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் கொஞ்சம் ரத்தம் கசிந்தது.

நாடாவை உருவின அன்று, வித்தைக்காரன் வாயிலிருந்து துணி எடுப்பானே, அது மாதிரி வந்துகொண்டே இருந்தது. கடைசித் துண்டு வெளியே வந்ததும் ஜில்லென்று ஏதோ ஒன்று நெற்றிவரைக்கும் ஏறியது. என்ன இது என்று பயந்துபோய் டாக்டரைப் பார்த்தேன்.

"காத்தும்மா, காத்து" என்றார்.

மூக்கில் பொருக்கு கட்டுவதும், உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவதுமாக மூன்று வாரத்துக்கு மேல் போயிற்று. சிந்தக் கூடாது, குனியக் கூடாது. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு மூச்சுவிடப் பழகினேன். வாய் மறந்து மறந்து திறந்துகொள்ளும். ஊரின் வாடையும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. கருவாடு, சாக்கடை, கப்பல் எண்ணெய், விடுதிச் சாம்பாரில் பெருங்காயம். இவ்வளவு நாற்றத்துக்கு நடுவில்தான் இத்தனை வருஷம் இருந்தோமா என்று திகைப்பாக இருந்தது. அம்மா ஒருநாள் கருப்பட்டியும் மிளகும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "கோணல் ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னாள். சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

கண்ணாடி முன் நின்று 'மதுரை, மதுரை' என்று சொல்லிப் பார்த்தேன். ம என்ற எழுத்து மூக்குக்குள் போய் ரீங்கரித்துவிட்டு வந்தது. அதை அவளுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆப்பரேஷனைப் பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. திடீரென்று போய் அசத்த வேண்டும் என்று இருந்தேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மத்தியான ஷிப்டு. பிளக்கைச் செருகினேன்.

"மதுரை?"

"மதுரைதான். யாருங்க, புதுசா?"

அவளேதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்சம் விளையாடலாம் என்று, "ஆமாங்க" என்றேன்.

"அங்க ஒரு பிள்ள இருந்துச்சே, மூக்கால பேசுமே, எங்க அது? ரொம்ப நாளாக் காணோம்."

"லீவுல இருக்காங்க."

"அப்படியா! அது இல்லாம இங்க பொழுதே போகலைங்க. அது லைன்ல வந்தா நான் கையக் காட்டுவேன். அக்கம்பக்கத்துல இருக்கறவளுக எல்லாம் ஓடி வந்துருவாளுக. ஹெட்செட்ட மாத்தி மாத்திக் கேப்போம். மாமியார், மாமனார்னு அது வாயால சொல்ல வைக்கறதுக்குன்னே ஏதாச்சும் கேப்பேன். 'பாபியார்', 'பாபதார்'னு சொல்லும் பாருங்க... வயிறு வலிச்சுப் போகும்."

என் கை பிளக்கின்மேல் இருந்தது. அதை உருவிவிடலாம் என்று தோன்றிற்று. உருவவில்லை.

"அவங்களுக்கு மாத்தல் ஆயிட்டு" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "மாத்தலா? எந்த ஊருக்கு?"

"தெரியாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே." குரல் இறங்கிவிட்டது. "எல்லாத்தையும் சொல்லுவா என்கிட்ட. நானும் சொல்லுவேன். இதை மட்டும் சொல்லாமப் போயிட்டாளே."

அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். அதை என்னால் கேட்க முடிந்தது. சிரித்ததும் உண்மை, இதுவும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கு எரிந்தது. உப்பு அண்ணாச்சி மதுரைக்குக் கால் கேட்டிருந்தார். என் குரலைக் கேட்டு, "யாரும்மா, புது ஆளா?" என்றார் மரியாதையாக. அவருக்கும் ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நானும் அவளும் அதே லைனில்தான் இருந்தோம். என்னை 'வாங்க, போங்க' என்றே பேசினாள். நம்பரைச் சொல்வேன், இணைப்பாள். நான் யார் என்று சொல்லிவிடலாம் என்று பல நாள் வாய்வரைக்கும் வரும். சொன்னால் அவள் கூசிப்போவாள், அந்தக் கூச்சத்தையும் நான்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று விட்டுவிடுவேன். விடுதியில் எனக்கு இப்போது குறட்டை இல்லை. ஆனால் அதை யாரும் வந்து சோதித்துப் பார்க்கப் போவதில்லை. கட்டிலில் சேலைகள் அப்படியேதான் இருந்தன. எப்போதாவது அவள், "அந்தப் பிள்ளயப் பத்தி ஏதும் தெரிஞ்சுச்சா?" என்று கேட்பாள். "இல்லைங்க" என்பேன்.

அடுத்த சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு வடக்கே இரும்புத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் எக்ஸ்சேஞ்சில் எல்லோரையும் கூப்பிட்டாள். "நீங்களும் வரணும்" என்றாள் என்னிடம். கொஞ்சம் நிறுத்தி, "அவளும் வந்தா நல்லாருக்கும்" என்றாள்.

எங்கள் பக்கத்திலிருந்து நான் மட்டும்தான் போனேன். கல்யாண மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து முதன்முதலாக அவளைப் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளம். நல்ல கறுப்பு. பெரிய பல். எனக்கு ரொம்பப் பிடித்தது. பரிசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். கிட்டப் போனதும், "தூத்துக்குடிலருந்து வாரேன்" என்றேன்.

"வந்துட்டீங்களா!" என்று கையைப் பிடித்தாள். அவள் கை வியர்த்திருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பொய்யாக நிற்க என்னால் முடியவில்லை.

"அவளும் நான்தான்" என்றேன். "மூக்குல ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டேன். எனக்கு மாத்தல் எல்லாம் ஒண்ணும் இல்ல."

அவள் என் மூக்கைப் பார்த்தாள். பிறகு கண்ணைப் பார்த்தாள். சிரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

"அய்யோ... அன்னைக்கு நான் உன்கிட்டயேவா..."

"பரவால்ல."

"இல்லடி, நான் வந்து..."

"முகூர்த்த நாளு. அழக் கூடாது. கண்மை கரையும்" என்றேன்.

பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கினார்கள். போட்டோக்காரர், "இப்படித் திரும்புங்கம்மா" என்றார். அவள் என் கையை விடாமலே திரும்பினாள். அந்தப் போட்டோ அவள் வீட்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மதுரை வெயில் கொளுத்தியது.

அவள் வடக்கே போய்ச் சில மாதத்துக்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் மேலதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். "உனக்கு டிரங்க் கால் வந்திருக்கு. அவ்வளவு தூரத்துலருந்து யாரும்மா?" என்றார்கள். எத்தனையோ பேருக்குக் கால் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு கால் வந்தது அதுதான் முதல் தடவை.

எத்தனை எக்ஸ்சேஞ்ச் தாண்டி வந்ததோ, லைன் முழுக்க இரைச்சல். "கேக்குதா?" என்றாள். "கேக்குது, உனக்குக் கேக்குதா?" என்றேன். "என்ன? கேக்கல!" என்றாள். "நல்லாருக்கியா?" என்று கத்தினேன். குளிர் என்றோ குழந்தை என்றோ ஏதோ சொன்னாள். "திரும்பச் சொல்லு!" என்றேன். "கேக்குதா?" என்றாள் மறுபடியும். எங்களுக்குக் கிடைத்த மூன்று நிமிஷமும் அப்படியே போயிற்று. நடுவில் ஏதோ ஊர் ஆபரேட்டர் புகுந்து, நேரம் ஆகிவிட்டது என்று இந்தியில் சொன்னாள். இரைச்சலும் நின்றது.

ஹெட்செட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு முன்னால் விளக்கு எரிந்தது. ஆறுமுகநேரிக்கு ஒரு அர்ஜெண்ட் கால்.